அமெரிக்காவில் தொழில்வழிச் சிகிச்சை உயர்கல்வி

நோய், விபத்து, பிறவிக் குறைபாடு ஆகியவற்றால் அன்றாட வாழ்க்கை தடைப்பட்டவர்கள் உடுத்தல், உண்ணல், எழுதுதல், வேலைக்குச் செல்லுதல் போன்ற செயல்களைத் தாமாகவே செய்யும்படி பயிற்றும் துறை, ஆக்குபேஷனல் தெரபி எனப் பரவலாக அறியப்படும் தொழில்வழிச் சிகிச்சை ஆகும். அமெரிக்காவில் இத்துறைக்குள் நுழைவதற்கே இன்று முதுநிலைப் பட்டமோ தொழில்முறை முனைவர் பட்டமோ வேண்டும். தொடக்கக் காலத்தில் குறுகிய காலப் பயிற்சியே போதுமானதாக இருந்தது.

1917 மார்ச்சில் நியூயார்க் மாநிலத்தின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸில் கூடி இத்துறைக்குத் தேசியச் சங்கம் கண்டவர்களுள் மனநல மருத்துவர் வில்லியம் ரஷ் டன்டன், சிகாகோவில் பயிற்சிப் பள்ளி நடத்திய எலினர் கிளார்க் ஸ்லேகிள் ஆகியோருடன் ஜார்ஜ் பார்ட்டன், தாமஸ் கிட்னர் என்னும் கட்டடக் கலைஞர் இருவரும் இருந்தனர். மருத்துவத் துறை ஒன்றின் பிறப்பில் இது அரிதான சேர்க்கையே. அடுத்த மாதமே அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியதால், காயமுற்ற வீரர்களுக்கு நெசவு, கூடை முடைதல் முதலிய கைவேலைகள் வழியே சிகிச்சை அளிக்கப் பெண்கள் அவசரப் பயிற்சி பெற்று அனுப்பப்பட்டனர். பயிற்சிக்கான குறைந்தபட்சத் தரங்களைச் சங்கம் 1923இல் வகுத்தது. 1935 முதல் அமெரிக்க மருத்துவச் சங்கம் பள்ளிகளுக்கு அங்கீகாரம் வழங்கத் தொடங்கியது. இதனால் துறைக்கு மதிப்புக் கூடினாலும், அதன் கல்வி நெடுங்காலம் மருத்துவர்களின் மேற்பார்வைக்கு உட்பட்டிருந்தது.

முதுநிலைக் கல்வியின் வரலாறு பெரிதும் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தது. 1942இல் துறையை நிறுவிய அப்பல்கலைக்கழகம், ஏற்கெனவே பணியில் இருந்த சிகிச்சையாளர்களுக்கான முதுநிலைப் படிப்பை 1947இல் ஏற்படுத்தியது. அங்கு பணியாற்றிய மேரி ரைலி 1961இல் ஆற்றிய ஸ்லேகிள் நினைவுச் சொற்பொழிவில், கைகளால் செய்யும் செயல் உடல்நலத்தை மாற்றும் என்ற துறையின் அடிப்படை நம்பிக்கை சோதித்து நிறுவப்பட வேண்டிய கருதுகோள் என வாதிட்டார். ஆய்வுக்கென உயர்கல்வி தேவை என்பதற்கு இதைவிட வலுவான வாதம் அக்காலத்தில் எழவில்லை எனலாம். பார்வை, தொடுகை, அசைவு முதலிய உணர்வுகளை மூளை இணைத்துக் கையாளும் முறையை விளக்கும் புலன் ஒருங்கிணைப்புக் கோட்பாட்டை உருவாக்கிய ஜீன் ஏயர்ஸ் முனைவர் பட்டம் பெற்றது கல்வி உளவியலில்தான். மனிதச் செயல்பாட்டையே ஆய்வுப் பொருளாகக் கொண்ட செயல்பாட்டு அறிவியலில் முனைவர் படிப்பு அப்பல்கலைக்கழகத்தில் 1989இல்தான் பிறந்தது. அதில் எலிசபெத் யெர்க்சாவின் பங்கு முதன்மையானது.

தொழில் நுழைவுக்கு முதுநிலைப் பட்டம் வேண்டும் என 1999இல் எடுக்கப்பட்ட முடிவு 2007 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. இயன்முறை மருத்துவம் முனைவர் நிலைக்கு நகர்ந்துவந்த சூழலில், 2027க்குள் முனைவர் பட்டத்தையே கட்டாயமாக்குவதெனத் தொழில்வழிச் சிகிச்சைக் கல்விக்கான அங்கீகாரக் குழு 2017இல் அறிவித்தது; கடும் எதிர்ப்பு எழவே மறு ஆண்டில் அதை நிறுத்திவைத்தது. கல்விச் செலவும் பேராசிரியர் பற்றாக்குறையும் அந்த விவாதத்தில் பெரும் இடம் பெற்றன. 2019 முதல் இரு பட்டங்களும் நுழைவுத் தகுதிகளாக நீடிக்கின்றன. பட்டத்தின் பெயர் எதுவாயினும் உடற்கூற்றியல், நரம்பியல், மனநலம் ஆகிய பாடங்களுடன் 24 வார முழுநேரக் களப்பயிற்சியை முடித்து, தேசியச் சான்றிதழ்த் தேர்விலும் தேர வேண்டும்; முனைவர் படிப்பில் கூடுதலாக 14 வாரச் செயல்திட்டம் உண்டு. நோயாளியின் அருகிருந்து கற்கும் களப்பயிற்சியே இக்கல்வியின் முதுகெலும்பு. பட்டம் உயர்ந்த அளவுக்கு இது மாறவில்லை.

பிலடெல்பியாவில் இத்துறையைக் கற்ற கமலா நிம்ப்கர் 1950இல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் இந்தியாவின் முதல் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். இந்தியாவில் இன்றும் இளநிலைப் பட்டமே தொழிலில் நுழைவதற்குப் போதுமானது. ஆகவே அமெரிக்காவில் பணியாற்ற விரும்பும் இந்தியப் பட்டதாரிகள், தம் கல்வி அந்நாட்டு முதுநிலைத் தரத்துக்கு ஈடானதா என்னும் மதிப்பீட்டைக் கடந்த பின்னரே சான்றிதழ்த் தேர்வை எழுத முடிகிறது.