குடிச்சிடு – ட்ரிங்க் அப்

பால் டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு விளையாட ஓடும் குழந்தையிடம் நம் வீட்டில் "குடிச்சிடு" என்கிறோம். அதே இடத்தில் ஓர் ஆங்கிலத் தாய் "ட்ரிங்க் அப்" என்பார். 'குடி' என்றோ 'ட்ரிங்க்' என்றோ நிறுத்தினால் ஒரு வாய் குடித்தாலே போதும். டம்ளர் காலியாக வேண்டும் என்பதை இங்கே 'குடித்துவிடு' என்பதிலுள்ள 'விடு' சொல்கிறது; அங்கே 'அப்' சொல்கிறது. இங்கே எதையும் விடவில்லை, அங்கே எதுவும் மேலே போகவில்லை. இரண்டு சொற்களும் சொந்தப் பொருளைத் துறந்து, 'முழுவதும்' என்ற ஒரே பொருளில் வந்து சந்திக்கின்றன.

அயலார் ஆங்கிலம் கற்கையில் மிகவும் இடறுவது இத்தகைய சேர்க்கைகளில்தான் என்று சாமுவேல் ஜான்சன் 1755-இல் தம் அகராதியின் முன்னுரையிலேயே குறித்தார். இவற்றுக்கு 'ஃபிரேசல் வெர்ப்' என்ற பெயர் அதற்கு வெகுகாலம் கழித்தே வந்தது; லோகன் பியர்சால் ஸ்மித் தம் 1925-ஆம் ஆண்டு நூலில் அதைக் கையாண்டார். தமிழில் இதே பணியைச் செய்பவை துணைவினைகள். 1992-இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி அவற்றுக்குத் தனிக் குறியீடே தந்தது.

நிற்கும் இடத்திலும் இரண்டும் ஒன்றுபடுகின்றன. தமிழில் துணைவினை எப்போதும் வினைக்குப் பின்னால்தான். ஆங்கிலம் அப்படித் தொடங்கவில்லை. பழைய ஆங்கிலத்தில் இத்தகைய ஒட்டுகள் பலவும் வினைக்கு முன்னே நின்றன. 'ஃபர்கிவ்', 'அண்டர்ஸ்டாண்ட்' போன்றவை அக்காலத்தின் எச்சங்கள். பின்னர் 'அப்', 'ஆஃப்' போன்ற சிறுசொல் பின்னுக்கு நகர்ந்தது; தமிழ் நிற்கும் பக்கத்துக்கே ஆங்கிலமும் வந்து சேர்ந்தது.

இன்னும் நெருங்கிப் பார்த்தால் வியப்பு கூடுகிறது. 'புட் ஆஃப்' என்பது நமக்குத் 'தள்ளிப்போடு': அங்கே 'புட்', இங்கே 'போடு', 'ஆஃப்' செய்வதைத் 'தள்ளி' செய்கிறது. 'லுக் ஆஃப்டர்' என்பது 'பார்த்துக்கொள்': பராமரிப்பை இரு மொழிகளும் பார்வையிலிருந்தே எடுத்தன. 'கிவ் இன்' என்பது 'விட்டுக்கொடு': பணிந்துபோவதை இரண்டுமே கொடுப்பதாகக் கண்டன. ஒன்றையொன்று பார்த்து எழுதியவை அல்ல இவை.

வேறுபாடும் அதே அளவு சுவையானது. ஆங்கிலச் சிறுசொல் நிகழ்ச்சியையே மாற்றிவிடும். 'டேக்' உடன் 'ஆஃப்' சேர்ந்தால் விமானம் கிளம்புகிறது. 'ஆஃப்டர்' சேர்ந்தால் பிள்ளை அப்பாவை உரித்துவைக்கிறது. 'ஓவர்' சேர்ந்தால் பொறுப்பு கைமாறுகிறது. தமிழ்த் துணைவினை பெரும்பாலும் நிகழ்ச்சியைத் தொடாமல் அதைச் சுற்றியுள்ள மனத்தைக் காட்டும். வாங்கிக்கொண்டான், வாங்கிக்கொடுத்தான், வாங்கிப்பார்த்தான், வாங்கித்தொலைத்தான் – நான்கிலும் வாங்கியது வாங்கியதுதான். தனக்கா, பிறர்க்கா, சோதிக்கவா, சொல்பவருக்கு எரிச்சலா என்பதே மாறுகிறது. இந்தத் 'தொலை'க்கு ஈடான சிறுசொல் ஆங்கிலத்தில் இல்லை. அந்த எரிச்சலை அங்கே குரலோ வேறு சொல்லோதான் சுமக்க வேண்டும்.

ஒட்டும் விதமும் வேறு. 'டர்ன் ஆஃப் த ஃபேன்', 'டர்ன் த ஃபேன் ஆஃப்' இரண்டும் சரி; 'இட்' வந்தால் 'டர்ன் இட் ஆஃப்' மட்டுமே சரி. 'லுக் ஆஃப்டர் ஹிம்' என்பதையோ பிரிக்கவே முடியாது. தமிழில் 'நிறுத்தி ஃபேனை விடு' என்று எவரும் சொல்லார். பேச்சில் 'டர்ன் இட் ஆஃப்' என்பதன் அழுத்தம் 'ஆஃப்' மேல் விழுகிறது. தமிழில் துணைவினை தேய்கிறது. 'வந்துவிட்டான்' 'வந்துட்டான்' ஆகிறது, 'பார்த்துக்கொள்' 'பாத்துக்கோ' ஆகிறது. அங்கே சிறுசொல் ஓங்கி ஒலிக்கிறது. இங்கே கரைந்து நிற்கிறது.

ஆகவே கற்பவர் நோட்டுப் புத்தகத்தை வினைவாரியாக நிரப்புவதைவிடச் சிறுசொல்வாரியாகப் பிரிப்பது நல்லது. 'அப்' பக்கத்தில் 'ஈட் அப்', 'யூஸ் அப்', 'ட்ரை அப்' என்று எழுதி, எதிரே 'சாப்பிட்டுவிடு', 'தீர்த்துவிடு', 'வற்றிவிடு' என்று எழுதலாம். மூன்றுக்கும் விடை ஒன்றே என்பது தானே தெரியும். இல்லாததைப் புனையும் 'மேக் அப்' அந்த வரிசையில் அடங்காது. அதற்குத் தனிப் பக்கம் ஒதுக்கி, துணையாக நம் 'கண்டுபிடி'யை எழுதலாம். காண்பதையும் பிடிப்பதையும் தனித்தனியே அறிந்த அயலாருக்கும் அந்தச் சொல் உடனே விளங்காது. நாமோ அதைப் பட்டியலில் படிக்காமல், பேசிப் பேசியே கற்றோம்.