சாகாவின் சாப்பாட்டுத் தட்டு

இராமானுஜனைப் பற்றி எந்தக் கலைக்களஞ்சியத்தைப் புரட்டினாலும் அவர் பிறந்த அய்யங்கார் வீடு, நாமகிரித் தாயார், கேம்பிரிட்ஜ் குளிரிலும் கைவிடாத மரக்கறிச் சாப்பாடு எல்லாம் வரும். அதைச் சாதி என்று யாரும் சொல்வதில்லை. 'குடும்பப் பின்னணி' என்பார்கள். சர் சி.வி. இராமனுக்கும் அதே மரியாதைதான். அது இருக்கட்டும், எழுதட்டும். சாதி சோறு போட்ட இடத்தில் அது பின்னணி ஆகிறது. சாதி சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்த இடத்தில் மட்டும் அது 'தேவையில்லாத தகவல்' ஆவது எப்படி?

மேக்நாத் சாகாவை எடுத்துக்கொள்வோம். டாக்கா பக்கம் சியோராதலி கிராமத்தில் 1893இல் பிறந்தவர். அப்பாவுக்குச் சின்ன மளிகைக் கடை. சாராயத் தொழிலைச் சொல்லித் தாழ்த்தி வைக்கப்பட்ட சுன்ரி சாதி. ஊர்ப் பள்ளிக்கூடம் முடிந்ததும் அடுத்த பள்ளி பல மைல் தள்ளி. அங்கே ஒரு மருத்துவர் வீட்டில் தங்கிப் படிக்க இடம் கிடைத்தது. நிபந்தனை இரண்டு: மாட்டைப் பார்த்துக்கணும், சாப்பிட்ட தட்டைத் தானே கழுவணும். மாடு கூலிக்கு. தட்டு சாதிக்கு. உதவி செய்த நல்ல மனுசன் வீட்டிலேயே இந்த நிலை என்பதைக் கவனியுங்கள்.

1911இல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரி. ஈடன் இந்து விடுதியில் மேல்சாதி மாணவர்கள் அவரோடு ஒரே கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட மறுத்தார்கள். சரஸ்வதி பூசை மேடைப் பக்கமும் வரக்கூடாது என்றார்கள். படிப்புக்குத் தெய்வமாம்!

ஒரு தொகுப்புக்காக நான் எழுதிக்கொடுத்த குறிப்பில் தட்டு, விடுதி இரண்டையும் அடித்துவிட்டார்கள். "விஞ்ஞானிக்கு எதுக்குங்க சாதி? அவரோட சமன்பாடு போதாதா?" என்று கேட்டார்கள்.

சமன்பாட்டை நான் குறைத்துப் பேசவில்லை. நட்சத்திரங்களின் ஒளியைப் பிரித்து, நிறமாலைகளை வகைவகையாக அடுக்கி வைத்திருந்தார்கள். அந்த வரிசைக்குக் காரணம் முக்கியமாக வெப்பநிலைதான் என்பதை விளக்கியது 1920இல் சாகா வெளியிட்ட கணக்கு. இவ்வளவு வெப்பம், இவ்வளவு அழுத்தம் என்றால் அணுக்களில் எத்தனை பங்கு எலக்ட்ரானை இழந்து நிற்கும் என்று அது சொல்லும். 1925இல் செசிலியா பெய்ன் நட்சத்திரங்களில் மிகுதியாக இருப்பது ஹைட்ரஜன் என்று கண்டதும் இதை வைத்துத்தான். 1927இல் சாகா லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். இதெல்லாம் முதலில் வரவேண்டியது, வரட்டும்.

ஆனால் அவர் சமன்பாட்டோடு நின்ற ஆள் இல்லை. நதித் திட்டம் பேசினார், பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை தாங்கினார், 1952இல் நாடாளுமன்றம் போனார். டாக்கா வக்கீல் ஒருவர் அவரது ஆராய்ச்சி பற்றிக் கேட்டாராம். இவர் விளக்க விளக்க, "இதெல்லாம் வேதத்திலேயே இருக்கே" என்றாராம். சாகா வேதங்களைத் தேடிப் படித்துப் பார்த்து, அப்படி ஒன்றும் இல்லை என்று வங்காளத்தில் எழுதினார். கேலியும் கோபமும் கலந்த எழுத்து. விடுதிக் கூடத்தை அடித்துவிட்டால் இந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று படிக்கிற மாணவனுக்கு எப்படித் தெரியும்? குணக்கேடு என்றுதான் நினைப்பான்.

நம் பக்கமும் ஒன்று சொல்லவேண்டும். தோழர்கள் சிலர் அவரைத் 'தலித் விஞ்ஞானி' என்றே எழுதுகிறார்கள். அதை நான் எழுதமாட்டேன். மேற்கு வங்கத்தின் பட்டியல் சாதிகளில் 'சுன்ரி, சாகா நீங்கலாக' என்றுதான் இருக்கிறது. நமக்கு ஒரு பெரிய பேர் வேணும் என்பதற்காக அவர் படாததையும் அவர்மேல் ஏற்றக்கூடாது. பட்டதை, எங்கே, யாரால், எந்தத் தட்டில் என்று எழுதினால் போதும். அடைமொழி வேண்டாம்.

பெயரும் பாக்கி இருக்கிறது. மழைநாளில் பிறந்ததால் வீட்டில் வைத்த பெயர் மேகங்களின் நாதன், அதாவது இந்திரன். அவர் பிற்பாடு அதை மாற்றிக்கொண்டார் என்று வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். மாற்றியது மேகம்போல் முழங்குகிறவன் என்று. இந்திரனை ஜெயித்த இராவணன் மகன்! வங்காளத்தில் ஓரெழுத்து வித்தியாசம். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், அதனால் பக்கத்திலேயே பொருளையும் எழுதிவிட வேண்டும்.