வல்லாரைச் சாறு ஊற்றினால் ஸ்டெம் செல் நரம்பாக மாறுமா? ஆய்வகம் சொல்வது என்ன?

எட்டயபுரத்தில் இருக்கும் சித்தப்பா போன வாரம் ஒரு வாட்ஸ்அப் வீடியோ அனுப்பினார். மூலிகைச் சாறும் ஸ்டெம் செல்லும் சேர்ந்தால் செத்துப்போன நரம்பு திரும்ப முளைக்குமாம். பின்னாலேயே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "தம்பி, இது நெசமாப்பா? அத்தைக்குப் பார்ப்பமா? மூணு லட்சம் ஆகும்ங்கான்." அத்தைக்குப் பக்கவாதம் வந்து ரெண்டு வருஷம். வலது கை இன்னும் தூக்க வரவில்லை.

வீடியோவில் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. சிக்கலே அதுதான்.

எது உண்மை?

'நான் இன்ன வேலைதான் செய்வேன்' என்று இன்னும் முடிவாகாத செல்தான் ஸ்டெம் செல். அதை நரம்புப் பக்கம் திருப்ப, வைட்டமின் ஏ-யிலிருந்து வரும் ரெட்டினாயிக் ஆசிடையும் சில வளர்ச்சிப் புரதங்களையும் ஆய்வகங்களில் பயன்படுத்துகிறார்கள். புரதங்களின் விலை எக்கச்சக்கம். அந்த வேலையைச் செடிச் சாறு செய்யுமா என்று தேடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மலேசிய தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-ல் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. மெசன்கைமல் என்ற வகை ஸ்டெம் செல்களை வல்லாரையைக் கொண்டு நரம்புத் தன்மைக்குத் திருப்பினார்கள். பிறகு எலியின் காலுக்கு இறங்கும் நரம்பில் சேதமான இடத்தில் அவற்றை வைத்தார்கள். நரம்பு வளர அது உதவியது.

ஆனா கவனியுங்க: அது எலி. அதுவும் கால் நரம்பு. கை, கால் நரம்புகளுக்கு ஓரளவு தானாகவே வளரும் சக்தி உண்டு. பக்கவாதத்தில் சேதமாவது மூளை. அங்கே அந்தச் சக்தி மிகக் குறைவு.

நம்ம கரிசல் வறட்சியைத் தாங்கும் அமுக்கரா (அஸ்வகந்தா) பற்றியும் 2005-ல் ஜப்பானின் டொயாமாவில் ஓர் ஆய்வு வந்தது. அதிலுள்ள வித்தனோலைடு ஏ என்ற பொருள், சேதமான நரம்புச் செல்லின் கிளைகளை மறுபடி வளரவைத்தது. ஏற்கெனவே இருந்த நரம்பைத் தேற்றியதுதான் அது. ஸ்டெம் செல் நரம்பாக மாறிய கதை இல்லை. விளம்பரங்களில் இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிடுகிறார்கள்.

'நரம்பு மாதிரி' இருந்தால் போதுமா?

2000-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் எலும்பு மஜ்ஜைச் செல்களில் சில ரசாயனங்களை ஊற்றினார்கள். சில மணி நேரத்தில் அவை உருண்டு, வால் நீண்டு, அசல் நரம்பு போலவே ஆகின. உலகமே வியந்தது. 2004-ல் கலிபோர்னியாவில் வேறொரு குழு அதே செல்களில் சோப்பு வகை ரசாயனத்தையும் அடர்ந்த உப்புக் கரைசலையும் ஊற்றிப் பார்த்தது. அப்போதும் அதே உருவம்! அதாவது, அந்தச் செல்கள் நரம்பாக மாறவில்லை. எரிச்சல் தாங்காமல் சுருங்கியிருந்தன. சுருங்காத ஓரங்கள்தான் வால் மாதிரி தெரிந்தன.

அதனால் இப்போது மைக்ராஸ்கோப் படத்தை மட்டும் யாரும் ஏற்பதில்லை. நரம்புக்கே உரிய புரதங்கள் இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். அதைவிடக் கறாரான சோதனை ஒன்று உண்டு. மிக நுண்ணிய கண்ணாடிக் குழாயைச் செல்லின் மேல் ஒட்டவைத்து, அது மின் துடிப்பு அனுப்புகிறதா என்று அளப்பது. துடிப்பு இல்லை என்றால் முழு நரம்பு இல்லை. மூலிகைச் சாறு ஆய்வுகள் பலவும் புரதச் சோதனையோடு நின்றுவிடுகின்றன.

அப்போ வல்லாரைத் துவையல்? தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் ஆய்வகத் தட்டில் சாறு செல் மேல் நேராகப் படுகிறது. வயிற்றுக்குள் போனது செரிமானம், கல்லீரல், ரத்தம் எல்லாம் கடந்துதான் மூளைக்குப் போக வேண்டும்.

காசு கட்டும் முன்...

ஐ.சி.எம்.ஆரும் மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-ல் கொண்டுவந்த வழிகாட்டுதல் தெளிவாகவே இருக்கிறது. ரத்த நோய்களுக்கான எலும்பு மஜ்ஜை மாற்று போன்ற ஏற்கப்பட்ட சிகிச்சைகளைத் தவிர, அனுமதி பெற்ற மருத்துவப் பரிசோதனைக்கு வெளியே நோயாளிக்கு ஸ்டெம் செல் செலுத்துவது முறைகேடு. பரிசோதனை என்றால் சி.டி.ஆர்.ஐ. என்ற தேசியப் பதிவேட்டில் எண் இருக்க வேண்டும். அதில் சேருபவரிடம் சிகிச்சைக்குப் பணம் வாங்கக் கூடாது.

சித்தப்பாவிடம் இரண்டு கேள்வி கேட்கச் சொன்னேன்: "சி.டி.ஆர்.ஐ. நம்பர் என்ன? பரிசோதனைன்னா மூணு லட்சம் எதுக்கு?" மறுநாள் பதில் வந்தது: "நம்பர் கேட்டேன்பா, போனை வச்சுட்டான்."

அத்தைக்கு இப்போதைக்கு பிசியோதெரபிதான். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இலவசமாகச் செய்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் விவரம் சொல்வார்கள்.