அடிக்கும் கோலும் மீட்டும் விரலும்

யாழின் நரம்பு தானாகப் பேசுவதில்லை. அதனைத் தொட ஒன்று வேண்டும். அது விரலாக இருக்கலாம். விரலுக்கும் நரம்புக்கும் இடையே நிற்கும் ஒரு சிறு கருவியாகவும் இருக்கலாம். அச்சிறு கருவிக்கு மொழிகள் இட்ட பெயர்களை ஆராய்வது புலவர்களின் பொழுதுபோக்கு என்று நாம் எண்ணக்கூடும். ஆயினும் அப்பெயரை முன்னிட்டுத் தொடக்கத் திருச்சபையில் ஒரு பெரிய வழக்கே எழுந்தது.

கிரேக்கர் அதனைப் ‘பிளெக்த்ரோன்’ என்றனர்; இலத்தீனில் அது ‘பிளெக்த்ரும்’ ஆயிற்று. ‘அடி’ எனப் பொருள்படும் வினையிலிருந்து பிறந்த சொல் அது. ஆகவே, அடிக்கும் எதுவும் அப்பெயருக்கு உரியதாயிற்று. சண்டைச் சேவலின் காலிலுள்ள முள்ளும் பிளெக்த்ரோன். ஈட்டியின் முனையும் பிளெக்த்ரோன். உரோமைக் கவிஞர்கள் இன்னும் ஒரு படி சென்று, கவிதை நடைக்கே அப்பெயரை ஆண்டனர். மென்மையான பிளெக்த்ரும் என்றால் காதற்பாட்டு. கனத்தது என்றால் போர்ப்பாட்டு.

கிழக்கே வந்தாலும் இதே கதைதான். சித்தார் வாசிப்போர் விரலில் அணியும் கம்பிக்கு ‘மிஸ்ராப்’ என்று பெயர். அடித்தலைக் குறிக்கும் அரபு வேர்ச்சொல்லில் பிறந்தது அது. பாரசீகர் இக்கருவியை ‘ஸக்மே’ என்பர். அதன் உடன்பிறப்பான ‘ஸக்ம்’ என்னும் சொல்லுக்குக் காயம் என்று பொருள். வடமொழியில் இது ‘கோண’. அமரகோசம் இச்சொல்லை வீணை முதலியவற்றை இசைக்கும் கருவி என்று விளக்குகிறது. முரசறையும் குறுந்தடிக்கும் அதுவே பெயர். தமிழில் ‘கோணம்’ என்னும் சொல் யானையை அடக்கும் தோட்டியைக் குறித்து வழங்கியது. எங்கு நோக்கினும் அடியும் குத்தும் காயமுமாகவே இருக்கின்றன. இன்னிசை பிறக்கும் இடத்தில் இத்துணை வன்முறைச் சொற்கள் குவிந்திருப்பது வியப்பே.

மறைநூலுக்கு வருவோம். சவுல் மன்னனைத் தீய ஆவி அலைக்கழித்தபோது தாவீது இசைத்தது ‘கின்னோர்’ என்னும் எபிரேய நரம்புக் கருவி. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அதனைச் சுரமண்டலம் என்றது. 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு யாழ் என்கிறது. தாவீது அதனைத் தம் கையால் இசைத்தார் என்று சாமுவேல் முதல் நூல் தெளிவாகக் கூறுகிறது. முதல் நூற்றாண்டில் எழுதிய யூத வரலாற்றாசிரியர் யோசேப்புசோ, தாவீது காலத்து இசைக்கருவிகளை விவரிக்குமிடத்து, பத்து நரம்புக் கின்னோரைப் பிளெக்த்ரோன் கொண்டும், பன்னிரண்டு ஒலிகளையுடைய ‘நாபலை’ விரல்களாலும் இசைப்பர் என்று பிரித்துக் காட்டுகிறார். கையா, கோலா என்னும் வேறுபாடு அந்நாளிலேயே குறிக்கத்தக்கதாக இருந்தது என்பது இதனால் விளங்கும்.

மனிதனின் நாவே ஒரு பிளெக்த்ரும், பற்களே நரம்புகள் என்று கிறிஸ்துவுக்கு முன்னரே சிசரோ எழுதியிருந்தார். திருச்சபை எழுத்தாளர்கள் அவ்வுவமையை இறைவாக்கினர்க்கு ஏற்றினர். புனித யுஸ்தினார் பெயரால் நெடுங்காலம் வழங்கிய ஒரு நூல், விண்ணினின்று இறங்கும் தெய்வீகப் பிளெக்த்ரோன் நேர்மையாளர்களை யாழாகக் கொண்டு இசைத்தது என்று கூறுகிறது. அழகிய உவமைதான். ஆனால் அழகிய உவமைகளில்தான் ஆபத்தும் மிகுதி.

இரண்டாம் நூற்றாண்டில் பிரிகியா நாட்டில் மொந்தானுசு என்பவர் எழுந்தார். ஆண்டவரே தம் வாய்வழியாகப் பேசுகிறார் என்று சொல்லிக்கொண்ட அவர், மனிதன் ஒரு யாழ், தாம் அதன்மேல் பறக்கும் பிளெக்த்ரோன், மனிதன் உறங்குகையில் தாம் விழித்திருப்பதாக ஆண்டவர் மொழிவதாக முழங்கினார். அவரும் அவருடைய இரு பெண் தோழியரும் தன்னிலை மறந்து இறைவாக்கு உரைத்தனர். நான்காம் நூற்றாண்டில் சைப்ரசுத் தீவின் ஆயர் எப்பிபானியுசு இதனை மறுத்து எழுதினார். உண்மையான இறைவாக்கினர் உறங்குவதில்லை. அறிவு தெளிந்து, தாம் சொல்வது இன்னதென உணர்ந்தே சொல்கின்றனர் என்பது அவருடைய வாதம். யாழ் என்னும் உவமையைத் திருச்சபை கைவிட்டுவிடவில்லை. சிரிய மொழிப் பாவலர் புனித எபிரேமை ‘ஆவியாரின் யாழ்’ என்றே போற்றி வருகின்றனர். மனிதனை உணர்வற்ற மரமும் நரம்புமாக்கிய பொருளைத்தான் அது ஏற்கவில்லை. 1965-இல் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் இறை வெளிப்பாடு பற்றிய ஏட்டில், மறைநூலை எழுதியவர்கள் தம் ஆற்றல்களையும் திறமைகளையும் பயன்படுத்திய உண்மையான ஆசிரியர்களே என்று உரைத்தது. மொந்தானுசுக்கு விடை கூறும் நோக்கம் அதற்கு இல்லை. ஆயினும் அவருக்கும் அது விடையாகவே அமைகிறது என்பது நம் கருத்து.

இனி நம் நாட்டு யாழைக் காண்போம். சிலப்பதிகாரத்தில் யாழை இசைப்பவை விரல்களே. வார்தல், உந்தல், உருட்டல், தைவரல் என விரல்தொழில்களுக்கே தனித்தனிப் பெயர்கள் அங்கு வகுக்கப்பட்டுள்ளன. தைவரல் என்றால் தடவுதல். குழந்தையின் தலையை வருடும் செயலுக்கும் அச்சொல் பொருந்தும். அடித்தலிலிருந்து எவ்வளவு தொலைவு!

மஞ்சக்குப்பத்திலிருந்து மேற்கே விருத்தாசலம் சென்றால், அதற்கு அருகே இராசேந்திரப்பட்டினம் என்னும் ஊர் உள்ளது. அதன் பழம்பெயர் எருக்கத்தம்புலியூர். ஞானசம்பந்தரின் பாடல்களுக்கு யாழிசைத்துத் துணைசென்ற திருநீலகண்ட யாழ்ப்பாணரும் அவர்தம் மனைவி மதங்கசூளாமணியாரும் அவ்வூரினர். தருமபுரத்தில் சம்பந்தர் பாடிய பதிகம் ஒன்று யாழில் அடங்காமற்போக, யாழ்ப்பாணர் மனம் நொந்து யாழை உடைக்க ஓங்கினார். சம்பந்தர் தடுத்து ஆறுதல் கூறினார் என்பது பெரியபுராணம் தரும் செய்தி. ‘யாழ்முரி’ என்று பெயர்பெற்ற அந்நிகழ்ச்சிக்கு இசை அறிஞர் ஒரு காரணம் கூறுவர். ஒவ்வொரு நரம்பும் ஓர் ஒலியே தருவதாலும், வீணைபோல் அழுத்தி வளைக்க மெட்டுகள் இல்லாமையாலும், குரலின் நெளிவுகளை யாழால் முழுமையாகத் தொடர இயலவில்லையாம். பின்னர்த் தில்லையில் தேவார ஏடுகள் கண்டெடுக்கப்பட்டபோது, அவற்றுக்குப் பண் வகுத்தவர் யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்மணியே என்று திருமுறைகண்ட புராணம் கூறுகிறது. அவருடைய பெயர் நமக்குக் கிட்டவில்லையே என்னும் வருத்தம் நமக்கு உண்டு.

மறைந்த யாழை மீண்டும் தேடியவர் விபுலானந்த அடிகள். மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியில் பயின்ற அவர், 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியராகச் சிதம்பரம் வந்தார். அறிவியல் கற்றவராதலின் நரம்புகளின் அளவைக் கணக்கிட்டு ஆராய்ந்தார். அவருடைய ‘யாழ்நூல்’ 1947-இல் வெளிவந்தது. அதே ஆண்டில் அவர் மறைந்தார்.

நரம்பைத் தொடும் செயலுக்குத் தமிழில் இன்று வழங்கும் சொல் ‘மீட்டுதல்’. இச்சொல்லைக் கேட்டதும் நம்முள் பலருக்கு ‘மீட்பர்’ நினைவுக்கு வருவது இயல்பே. இழுத்து விடப்பட்ட நரம்பு தன் நிலைக்கு மீள்கிறது. தவறிய மனிதனும் மீட்கப்படுகிறான். மறையுரைக்கு ஏற்ற இனிய கருத்து. ஆனால் இலக்கணம் இதற்கு எளிதில் இடங்கொடுப்பதில்லை. அடிமையை ஒருவன் மீட்டான். வீணையை ஒருவன் மீட்டினான். முன்னதன் எதிர்காலம் மீட்பான். பின்னதன் எதிர்காலம் மீட்டுவான். வினைகள் இரண்டு. தெலுங்கிலும் கன்னடத்திலும் ஏறக்குறைய இதே ஒலியுடைய வினை உண்டு. விரலால் தெறித்தல், நெம்புதல், நரம்பிசைத்தல் என்பனவே அங்கு அதன் பொருள்கள். ஆகவே நம் மீட்டுதலும் விரலால் தெறிக்கும் அந்தத் தொழிலே என்று கொள்வதுதான் நேர்மை. ஒலி ஒற்றுமையை உவமையாக ஆளலாம். வேர்ச்சொல் என்று சொல்லிவிடலாகாது.

இச்சொற்களின் பயணம் இன்னும் முடியவில்லை. இன்றைய கிரேக்கத்தில் ‘பிளிக்த்ரோ’ என்றால் கணிப்பொறியில் எழுத்தை அழுத்தும் விசை. தெலுங்கிலும் அவ்விசைக்கு ‘மீட்ட’ என்றே பெயர். நம் வீணையிலோ விரலும் கருவியும் அருகருகே வாழ்கின்றன. நகம் தேய்ந்து விரல்நுனி வலிக்குமென்று வலக்கையின் ஆட்காட்டி விரலிலும் நடுவிரலிலும் சிறு கம்பி வளையங்களை அணிவோர் உளர். நகத்தால்தான் இசைக்க வேண்டுமென்போரும் உளர். தாளத்திற்குரிய மூன்று பக்க நரம்புகளையோ பெரும்பாலும் வெறுஞ்சுண்டு விரலே தொடுகிறது.