ஒட்டாகோவின் மணல்மணி

நியூசிலாந்தின் தென்தீவில், ஒட்டாகோ மலைப் பாறைக்குள் ஒரு குவார்ட்ஸ் மணி. கோண்டுவானா கண்டத்தின் ஓரத்தில் ஏதோவொரு கிரானைட் இறுகியபோது பிறந்தது அது. 20 கோடி ஆண்டுகளுக்கு முன்பே ஆறு அதைக் கடலில் சேர்த்துவிட்டது. சரிந்து பாய்ந்த சேற்று வெள்ளம் ஆழ்கடலுக்கு இழுத்துப்போக, அங்கே கிரேவேக் எனும் சாம்பல் நிற மணற்கல்லில் ஒரு துகளாயிற்று. இதுவரை எந்த மணலுக்கும் நேரக்கூடியதுதான்.

பிறகு கண்டத்தட்டுகளின் நெரிசலில் அந்த மணற்கல் பல கிலோமீட்டர் ஆழம் இறங்கியது. வெப்பம் 200 டிகிரியைத் தாண்டியது. அந்தச் சூட்டில் குவார்ட்ஸ் எளிதில் வளையாது. மணி நொறுங்கவும் இல்லை. ஆனாலும் தட்டையானது!

செய்தது நீர். அடுத்த மணியோடு முட்டிய இடத்தில்தான் நெருக்கம் முழுவதும் விழுந்தது. அந்த இடுக்கின் மெல்லிய நீர்ப்படலத்தில் குவார்ட்ஸ் கரைந்தது. கரைந்த சிலிக்கா நெருக்கம் குறைந்த பக்கவாட்டில் போய்ப் படிந்தது. மேலும் கீழும் தேய்ந்த மணி, விலாப்புறம் வளர்ந்தது. இதுவே அழுத்தக் கரைவு. குழிவிழுந்த சுண்ணாம்புக் கூழாங்கற்களைக் கூர்ந்து ஆராய்ந்த ஷெஃபீல்டுக்காரர் ஹென்றி கிளிஃப்டன் சோர்பி, அழுத்தம் கல்லின் கரைதிறனைக் கூட்டுகிறது என்று 1863இல் எடுத்துரைத்தார். பாறையைச் சீவலாகத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்க்கக் கற்றுத்தந்தவர்களில் முதல்வர் அவர். அந்தக் கண்ணால்தான் இதைக் கண்டிருக்க முடியும்.

கரையாத மைக்காவும் கரிப்பொருளும் அங்கேயே தங்கிக் கருங்கோடுகளாயின. மைக்கா ஒட்டிய இடத்தில் குவார்ட்ஸ் இன்னும் வேகமாகக் கரையும். ஆகவே கோடு தடிக்கத் தடிக்கக் கரைவும் அங்கேயே குவிந்தது. ஃபெல்ட்ஸ்பார் கனிமம் ஆல்பைட் வகையாயிற்று, பச்சைக் குளோரைட் கனிமம் முளைத்தது, பாறை தகடு தகடாகப் பிளக்கத் தொடங்கியது. புவியியலாளர்கள் ஹட்டனும் டர்னரும் 1936இல் இந்த மாற்றத்தை நான்கு கட்டங்களாக வகுத்தார்கள். முதல் கட்டத்தில் மணி மணியாகவே தெரியும். கடைசியில் குவார்ட்ஸ் ஒரு பட்டை, மைக்கா ஒரு பட்டை. பழைய மணியை அடையாளம் காண வழியில்லை.

கரைந்ததெல்லாம் பக்கத்திலேயே படியவில்லை. ஒரு பங்கு விரிசல்களுக்குப் போய் குவார்ட்ஸ் நரம்புகளாக உறைந்தது. மலை உயர்ந்து அரிபட்டபோது சுற்றியிருந்த, ஷிஸ்ட் எனும் அந்தத் தகட்டுப் பாறை மக்கிக் களிமண்ணானது. நரம்புக் குவார்ட்ஸ் வெள்ளைச் சரளையாக மிஞ்சியது. ஒட்டாகோவின் செயின்ட் பாதன்ஸில் 19ஆம் நூற்றாண்டின் தங்கவேட்டைக்காரர்கள் நீரைப் பீய்ச்சிக் கரைத்த குன்று, அப்படிப்பட்ட சரளைதான்.