பட்டமும் பட்டாவும்: சிதம்பரம், கடலூர் புறநகர் வாக்கு

2016 சட்டமன்றத் தேர்தலில் காட்டுமன்னார்கோயிலில் விடுதலைச் சிறுத்தைகள் கட்சித் தலைவர் தொல். திருமாவளவன் 87 வாக்குகளில் தோற்றார். 2019 மக்களவைத் தேர்தலில் சிதம்பரத்தில் 3,219 வாக்குகளில் வென்றார். ஆறு சட்டமன்றத் தொகுதிகள் அடங்கிய பரப்பில் 3,219 என்பது மூன்று நான்கு வாக்குச்சாவடிப் பட்டியல்களுக்குள் அடங்கிவிடும் எண்ணிக்கை. வித்தியாசம் இவ்வளவு குறுகும்போது, யார் எதை ஆதரிக்கிறார் என்பதோடு, யாருடைய பெயர் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்பதும் முடிவைத் தீர்மானிக்கிறது.

படிப்பும் நகரமும் வளர்ந்தால் சாதி வாக்கு கரையும் என்பது பழைய எதிர்பார்ப்பு. இப்பகுதி அடங்கிய பழைய தென்னாற்காட்டு மாவட்டத்தின் வரலாறு அதற்கு எளிதில் இடம் கொடுப்பதில்லை. 1916இல் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் தொடங்கிய நந்தனார் கல்விப் பணி, ஒடுக்கப்பட்டோருக்கு எழுத்தோடு சட்டமன்றக் குரலையும் தந்தது. அவரே உறுப்பினராக இருந்தார். 1952இல் எஸ்.எஸ். ராமசாமி படையாச்சியின் உழைப்பாளர் கட்சி 19 இடங்களை வென்றது. 1989இல் பாட்டாளி மக்கள் கட்சியைத் தொடங்கியவர் ஒரு மருத்துவர். 1999 வரை தேர்தலைப் புறக்கணித்த விடுதலைச் சிறுத்தைகளை வழிநடத்திய திருமாவளவன் சட்டம் படித்தவர். இங்கே படிப்பு சாதியைக் கரைத்ததைவிட, அதற்கு மனு எழுதவும் பேரம் பேசவும் கற்றுக்கொடுத்தது என்பதே என் வாதம்.

எதிர்ச்சான்று ஒன்று உண்டு, மறைக்க விரும்பவில்லை. 1965 ஜனவரி 27 அன்று, இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில், அண்ணாமலை பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். இரண்டே ஆண்டில் ஆட்சி மாறியது. மொழி என்ற பொதுக் காரணம் மாணவர் விடுதியின் சாதிக் கோடுகளைத் தாண்டியது. ஆனால் அந்த மாணவர்கள் அறைகளில் தங்கியிருந்தார்கள், மனை வாங்கவில்லை.

மனைதான் இன்றைய புறநகர். 2011 கணக்கெடுப்பில் கடலூர் மாவட்ட மக்கள்தொகை 26,05,914. எழுத்தறிவு 78 சதவீதம். நகரவாசிகள் மூன்றில் ஒரு பங்குதான். சிதம்பரம் நகராட்சியில் 62,153 பேர். நகர எல்லைக்கு வெளியே சி. கொத்தங்குடி, லால்புரம், கடலூர்ப் பக்கம் கோண்டூர், பாதிரிக்குப்பம் என ஊராட்சிகளில் நஞ்சைகள் ‘நகர்’களாகின்றன. வாங்குவோர் ஆசிரியர், நெய்வேலி என்எல்சி ஊழியர், சிங்கப்பூரிலிருந்து பணம் அனுப்பும் குடும்பம். மனை விளம்பரத்தில் ‘காலனி’ என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள், கிடைப்பது அரிது. இந்த வட்டாரத்தில் அது சேரிக்குப் பதிலாக வந்த பெயர். அரசு ஆவணங்களிலிருந்து அதை நீக்குவதாக 2025இல் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவிக்க வேண்டியிருந்தது. வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் தரகரின் முதல் கேள்வி, ‘சொந்த ஊர் எது சார்?’ இரண்டாவது, குரலைத் தாழ்த்தி, ‘ஊர்லயா, காலனியிலயா?’ முனைவர் பட்டம் இரண்டாவது கேள்வியைத் தடுப்பதில்லை. கொஞ்சம் மரியாதையாகக் கேட்க வைக்கிறது, அவ்வளவே.

இப்படிக் குடியேறியவர்களில் பலருக்கு வீடு நகரில், ரேஷன் கார்டும் வாக்கும் கிராமத்தில். 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின்படி ஓர் இடத்தில் வீடு இருப்பதால் மட்டும் ஒருவர் அங்கே வழக்கமாக வசிப்பவர் ஆகிவிட மாட்டார். நடைமுறையில் வாக்குப்பதிவு நாளன்று காலை பைக்கில் ஊருக்குப் போய், பெரியப்பா வீட்டில் காபி குடித்து, உறவினர் சூழ வாக்களித்துத் திரும்புகிறார்கள். ஆகவே புறநகர்ச் சாவடியின் எண்ணிக்கை புறநகரை முழுதாகக் காட்டாது; படித்தவரின் வாக்கு கிராமக் கணக்கில் ஏறுகிறது. தேர்தல் முடிவுத் தாளான படிவம் 20 சாவடிவாரியாக வாக்கைத் தருகிறதே தவிர வாக்காளரின் படிப்பைத் தருவதில்லை. 2021 கணக்கெடுப்பும் தள்ளிப்போனது. இதை வைத்துக்கொண்டு ‘படித்தவர்கள் இப்படி வாக்களித்தார்கள்’ என்று தொலைக்காட்சியில் சொல்பவர்களைக் கண்டால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

படிப்பும் உடைமையும் வாக்கைப் பிரிக்கும் இடம் உள்ளாட்சி. 2021இல் கடலூர் மாநகராட்சியானது. இப்படி நகரம் விரியும்போது சுற்றியுள்ள ஊராட்சியில் மனைக்காரர் சாலையும் சாக்கடையும் கேட்டு நகரத்தோடு இணைப்பை விரும்புவார். அதே ஊராட்சியின் கூலித் தொழிலாளிக்கு ஊரக வேலைத் திட்டம் போய்விடும், வீட்டுவரி ஏறும். இருவரும் சில நேரம் ஒரே சாதி.

நகர்களில் பிறந்த பிள்ளைகள் பதினெட்டு வயதில் பெற்றோரின் கிராமத்தை விட்டு இங்கேயே பெயர் சேர்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். சொந்த ஊர் கேட்டால் அப்பாவின் ஊரைச் சொல்கிறார்கள். இரண்டாவது கேள்விக்குச் சிலர் பதில் சொல்வதில்லை.