சூரியகாந்தியின் விலை என்ன? – ஏலத்துக்கு வந்த ஸ்டில் லைஃப் ஓவியங்களின் கதை

ஒரு மண் ஜாடி. அது நிறைய சூரியகாந்திப் பூக்கள். அதிலும் பாதி வாடிப்போனவை. பூக்கடையில் யாராவது இதை நீட்டினால் வாங்குவோமா? 1987ல் ஒரு ஜப்பான் இன்ஷூரன்ஸ் கம்பெனி, இந்தப் பூக்களின் படத்தை மட்டும் 2 கோடியே 47 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டு கொடுத்து வாங்கியது. பி.காம். படிப்பவனுக்கு ஓவியத்தில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். விலை எப்படி உருவாகிறது என்பதுதானே எங்கள் பாடமே!

முதலில் ஒரு சின்ன விளக்கம். பழம், பூ, பாத்திரம், செத்த மீன், ரொட்டி என்று அசையாத பொருட்களை மேசை மேல் வைத்து வரைவதைத்தான் ஸ்டில் லைஃப் என்கிறார்கள். இதற்கு ஆரம்பத்தில் பெரிய மரியாதை கிடையாது. 1660களில் பிரெஞ்சு ஓவிய அகாடமி ஓவியங்களைத் தரம் பிரித்தபோது புராணம், சரித்திரம் எல்லாம் மேல் படியில். மனித உருவங்கள் அதற்கு அடுத்து. பழக்கூடையும் பூ ஜாடியும் கடைசிப் படி. அதே காலத்தில் ஹாலந்தில் கதை வேறு. அங்கே ராஜாவையும் சர்ச்சையும் நம்பாமல், வியாபாரிகளும் கைவினைஞர்களும் தங்கள் வீட்டுச் சுவருக்காகப் படம் வாங்கினார்கள். கடைசிப் படியில் இருந்த ஸ்டில் லைஃப் பிழைத்தது சந்தையால்தான் என்று சொல்லலாம்.

ஏலம் எப்படி நடக்கிறது?

ஸாதபீஸ் 1744லும் கிறிஸ்டீஸ் 1766லும் லண்டனில் ஆரம்பித்த ஏல நிறுவனங்கள். நம் ஊர் ஏலத்தில் "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்" என்று சொல்வோமே, அங்கே அதற்குப் பதில் சுத்தியல் அடி. விற்பவர் ஒரு ரகசிய விலை வைத்திருப்பார். அதற்குக் கீழே போனால் படம் விற்காது. இதுதான் ரிசர்வ் விலை. வெளியே அச்சிட்டுக் கொடுப்பது உத்தேச மதிப்பு மட்டும்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், சுத்தியல் அடித்த விலை வேறு, வாங்குபவர் கட்டும் பணம் வேறு. 1975 வரை லண்டனில் இந்த இரண்டு நிறுவனங்களும் விற்பவரிடம் மட்டும்தான் கமிஷன் வாங்கின. அந்த வருடம் இரண்டும் வாங்குபவரிடமும் 10 சதவீதம் வசூலிக்க ஆரம்பித்தன. சூரியகாந்தி கணக்கையே பாருங்கள். சுத்தியல் விழுந்தது 2 கோடியே 25 லட்சம் பவுண்டுக்கு. அதில் 10 சதவீதம் 22 லட்சத்து 50 ஆயிரம். கூட்டினால் மேலே சொன்ன தொகை வருகிறது. பேப்பரில் வருவது பெரும்பாலும் இந்தக் கூட்டுத்தொகைதான்.

அந்த மார்ச் 30

1987 மார்ச் 30. வான் கோ பிறந்து சரியாக 134 வருடம் ஆன நாள். வேண்டுமென்றேதான் அந்தத் தேதியில் கிறிஸ்டீஸ் ஏலத்தை வைத்தது. அதற்கு முன் ஏலத்தில் அதிக விலைக்குப் போன ஓவியம் மான்டேன்யாவின் ஒரு பக்திப் படம். 1985ல் 81 லட்சம் பவுண்டு. சூரியகாந்தி அதைப்போல் மூன்று மடங்கு. அகாடமி கடைசிப் படியில் வைத்த பூ ஜாடி, முதல் படியில் இருந்த பக்திப் படத்தை ஒரே நாளில் தாண்டியது.

வாங்கியது யசுதா ஃபயர் அண்ட் மரைன் இன்ஷூரன்ஸ். ஏன் ஜப்பான்? 1985 பிளாஸா ஒப்பந்தத்துக்குப் பிறகு யென் மதிப்பு ஏறியது. ஒரு டாலருக்கு 240 யென் அளவில் இருந்தது, 1987 தொடக்கத்தில் 150 பக்கம் வந்துவிட்டது. வெளிநாட்டுப் பொருள் எல்லாம் ஜப்பானியருக்குத் தள்ளுபடியில் கிடைத்த மாதிரி. உள்ளூரில் நிலமும் பங்கும் ஏறிக்கொண்டிருந்தன, வட்டி குறைவு. பணம் போக இடம் தேடியது.

அவர்களுக்கு இன்னொரு காரணமும் இருந்திருக்கலாம் என்பது என் எண்ணம். வான் கோ ஜாடியில் சூரியகாந்தி வரைந்த ஏழு படங்களில் ஒன்று 1920லேயே ஜப்பானுக்கு வந்துவிட்டது. ஆஷியா நகரத்தில் ஒரு வீட்டில் இருந்த அந்தப் படம் 1945 ஆகஸ்ட் 6ம் தேதி அமெரிக்க குண்டுவீச்சில் எரிந்தது. 42 வருடம் கழித்து இன்னொன்று அதே நாட்டுக்கு வந்து சேர்ந்தது.

வான் கோ மட்டும் என்ன எதிர்பார்த்தார்? தன் சூரியகாந்திப் படம் 500 பிராங்க் பெறும் என்று தம்பி தியோவுக்கு 1889ல் கடிதம் எழுதினார். அடுத்த வருடம் இறந்துபோனார்.

கடன் வாங்கி வாங்கிய பூ

அந்த ஏலத்தில் தோற்றவர் ஆலன் பாண்ட் என்ற ஆஸ்திரேலியத் தொழிலதிபர் என்று அப்போது பேசப்பட்டது. அதே வருடம் நவம்பர் 11ல் நியூயார்க் ஸாதபீஸில் வான் கோவின் 'ஐரிஸ்' ஏலத்துக்கு வந்தது. (இது தோட்டத்தில் நிற்கிற பூ, ஜாடியில் இல்லை. அதனால் கறாராகப் பார்த்தால் ஸ்டில் லைஃப் இல்லை. ஆனாலும் நம் கதைக்குத் தேவை.) அதற்கு மூன்று வாரம் முன்புதான், அக்டோபர் 19ல், அமெரிக்கப் பங்குச் சந்தையின் டௌ குறியீடு ஒரே நாளில் 22.6 சதவீதம் விழுந்திருந்தது. இருந்தும் ஐரிஸ் 5 கோடியே 39 லட்சம் டாலருக்குப் போனது. ஓவியச் சந்தை பங்குச் சந்தையை விடப் பத்திரம் என்று எல்லோரும் மூச்சு விட்டார்கள்.

இரண்டு வருடம் கழித்துத்தான் உண்மை தெரிந்தது. விலையில் ஏறக்குறைய பாதியை, 2 கோடியே 70 லட்சம் டாலரை, பாண்டுக்குக் கடனாகக் கொடுத்ததே ஸாதபீஸ்தான்! அடமானம் அந்தப் படமே. இதை எங்கள் வகுப்பு மொழியில் சொல்கிறேன். கடைக்காரரே கடன் கொடுத்து, தன் கடைச் சரக்கின் விலையை ஏற்றிவிட்டு, "பாருங்கள், என்ன கிராக்கி!" என்று விளம்பரம் செய்தால் எப்படி? பாண்டால் மீதியைக் கட்ட முடியவில்லை. 1990ல் படம் கெட்டி மியூசியத்துக்குப் போனது. அந்த வருடமே, வாங்கும் படத்தையே அடமானமாக வைத்துக் கடன் தரும் வழக்கத்தை ஸாதபீஸ் நிறுத்தியது. பாண்ட் 1992ல் திவாலானார். 1997ல் வேறொரு கம்பெனி மோசடியில் சிறைக்குப் போனார்.

ஏல நிறுவனங்களும் சும்மா இல்லை. 1990களில் ஸாதபீஸும் கிறிஸ்டீஸும் ரகசியமாகப் பேசிவைத்து விற்பவர் கமிஷனை ஒரே மாதிரி நிர்ணயித்தது 2000ல் வெளியே வந்தது. வாடிக்கையாளர்களுக்கு இரண்டும் சேர்ந்து 51 கோடியே 20 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டன. ஸாதபீஸ் முன்னாள் தலைவர் ஆல்ஃபிரட் டாப்மனுக்கு 2002ல் ஒரு வருடமும் ஒரு நாளும் சிறை. சந்தையில் இரண்டே பெரிய கடை இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு, பாடப்புத்தகத்தில் வரும் ஆலிகோபொலிக்கு இதைவிட நல்ல உதாரணம் நான் பார்க்கவில்லை.

விலைச்சீட்டில் இல்லாத வரி

மறுபடி சூரியகாந்திக்கு வருவோம். ஒரு ஓவியம் யார் யார் கையிலிருந்து வந்தது என்ற வரலாறு ஏலத்தில் மிக முக்கியம். இந்தப் படம் ஒரு காலத்தில் பெர்லினில் பால் ஃபான் மெண்டல்சன் பார்தோல்டி என்ற யூத வங்கியாளரிடம் இருந்தது. ஹிட்லர் ஆட்சிக்கு வந்த மறுவருடம், 1934ல், அவர் பாரிஸ் வியாபாரி பால் ரோசன்பெர்க் மூலம் இதை விற்றார். 1935ல் இறந்தார். படம் செஸ்டர் பீட்டி குடும்பத்துக்குப் போய், அங்கிருந்து 1987 ஏலத்துக்கு வந்தது.

2022 டிசம்பரில் அவருடைய வாரிசுகள் அமெரிக்காவில் இல்லினாய் ஃபெடரல் கோர்ட்டில் வழக்குப் போட்டார்கள். அது விருப்பப்பட்டு விற்ற விற்பனை இல்லை, நாஜி நெருக்கடியில் விற்றது என்பது அவர்கள் வாதம். யசுதாவின் இன்றைய வாரிசான ஸோம்போ நிறுவனம் இதை மறுத்தது. 2024ல் அந்தக் கோர்ட் வழக்கைத் தள்ளுபடி செய்தது. டோக்கியோ ஷின்ஜுகுவில் ஸோம்போ மியூசியத்துக்கு 2020ல் தனிக் கட்டிடம் திறந்தார்கள். படத்தின் இடம் இப்போது அங்கேதான்.

சட்டப்படி யார் பக்கம் என்று தீர்ப்பு சொல்ல நான் ஆள் இல்லை. ஆனால் ஒரு கேள்வி விடவில்லை. விருப்பமுள்ள விற்பவர், விருப்பமுள்ள வாங்குபவர், இருவரும் ஒப்புக்கொள்வதுதான் நியாய விலை என்று முதல் வருடமே படிக்கிறோம். 1987ல் அது சரி. 1934ல் விற்றவருக்கு விருப்பம் இருந்ததா? சுத்தியல் அடிக்கிற சத்தத்தில் இந்தக் கேள்வி கேட்பதில்லை. ஏலத்தில் வாங்க ஆசைப்படுகிறவர்கள் (சின்ன விலைப் படமானாலும்) மூன்று விஷயம் பார்க்க வேண்டும்: கமிஷனோடு சேர்த்த மொத்த விலை, படத்தின் நிலைமை பற்றிய அறிக்கை, முந்தைய உரிமையாளர்களின் பட்டியல். அந்தப் பட்டியலில் 1933க்கும் 1945க்கும் நடுவே இடைவெளி இருந்தால் அங்கேயே நிறுத்திக் கேட்க வேண்டும்.

கடைசியாக ஒரு ஸ்ட்ராபெர்ரிக் கூடை

ஸ்டில் லைஃப் என்றாலே நினைவுக்கு வர வேண்டிய பெயர் ஷார்தான். கடைசிப் படி ஓவியர் என்றே 1728ல் அகாடமியில் சேர்க்கப்பட்டவர். 1761ல் காட்சிக்கு வைத்த அவருடைய காட்டு ஸ்ட்ராபெர்ரிக் கூடை 38க்கு 46 சென்டிமீட்டர்தான். ஒரு காலண்டர் அளவு. 2022 மார்ச்சில் பாரிஸ் ஏலத்தில் அது கமிஷனோடு சுமார் 2 கோடியே 44 லட்சம் யூரோவுக்குப் போனது. அமெரிக்காவின் கிம்பெல் மியூசியத்துக்குப் போக வேண்டிய படம். பிரான்ஸ் அரசு அதை தேசியப் பொக்கிஷம் என்று அறிவித்து ஏற்றுமதியை நிறுத்தி வைத்தது. லூவ்ர் மியூசியம் பணம் திரட்ட ஆரம்பித்தது. எல்விஎம்ஹெச் கம்பெனி 1.5 கோடி யூரோ கொடுத்தது. அதோடு சுமார் பத்தாயிரம் சாதாரண மக்கள் ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தார்கள். 2024ல் படம் லூவ்ருக்கு வந்துவிட்டது.

அந்தப் பத்தாயிரம் பேரில் யாருக்கும் படத்தில் ஒரு பங்கு கூடக் கிடையாது. டிவிடெண்ட் வராது, விற்று லாபம் பார்க்க முடியாது. எந்த லெட்ஜரில் எழுதினாலும் இது வெறும் செலவுதான். பிறகு ஏன் கொடுத்தார்கள்? எங்கள் சிலபஸில் இதற்குப் பதில் இல்லை. எனக்குத் தோன்றுவது இதுதான்: ஏலத்தில் ஒருவர் கை உயர்த்தினால், இது என்னுடையது ஆகட்டும் என்று அர்த்தம். இவர்கள் பணம் அனுப்பியது, இது யாரோ ஒருவருடையதாக மட்டும் ஆகிவிடக் கூடாது என்பதற்காக.